ஏரித் தண்ணீர் ஒரு டம்ளர்

அத்தியாயம் 6

“இன்னொரு தடவை போடு,” என்றார் மேடம்.

போட்டேன். இது நாற்பதாவது தடவை. தலைமைப் பொறியாளர் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். பாட்டிலைச் சாய்த்து டம்ளரை நிரப்பினார். “இது நம்ம ஏரித் தண்ணி. நம்புங்க,” என்றார். முதல் மடக்கு. இரண்டாவது மடக்கு. பிறகு தொண்டையைப் பிடித்துக்கொண்டு மேசையோடு சரிந்தார்.

“மனுஷன் நல்லாத்தான் நடிக்கிறார் மேடம். கடைசி சீன்ல மட்டும் கொஞ்சம் ஓவர்.”

“வாயாடி, கமெண்ட் லிஸ்ட் எங்கே?”

நாலாயிரத்துச் சொச்சம் கமெண்டை நேர வரிசையில் அச்சடித்துக் கொடுத்திருந்தேன். என்னத்துக்கு என்று கேட்டால் சொல்ல மாட்டார். மேடம் இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம் பிடித்தவர். எரிந்த காரைச் சுற்றி வந்து, செத்தவன் நிஜமாகவே செத்தானா என்று மோந்து பார்க்கிற உத்தியோகம். அதை விட்டுவிட்டுத் துப்பறிய வந்தார். நான் அதற்கு முன் ஒரு சேனலுக்கு வீடியோ வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரப் பேச்சை இருபது விநாடியாக்கி, பேசியவர் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்கிற மாதிரி செய்வதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது.

கதை ஊருக்கே தெரிந்ததுதான். மூன்று வருடமாக ஏரியைச் சுத்தம் செய்கிறார்கள். சேற்றை அள்ளி, சாக்கடையை மதகு போட்டு மறித்து, கரையில் பம்ப் வைத்துத் தண்ணீரை வடிகட்டி உள்ளே விடுகிறார்கள். வேலை முடிய இரண்டு மாதம் இருக்கும்போது எவனோ புண்ணியவான் சந்தையில் ஒரு செத்த மீனை வாங்கிக் கரையில் போட்டுப் படம் பிடித்தான். ‘சுத்தம் என்ற பெயரில் விஷம்’ என்று தலைப்பு. ஒரு வாரத்தில் ஏரியைப் பார்த்தே இராதவனெல்லாம் அந்த மீனுக்காகக் கண்ணீர் விட்டான். இந்த வதந்தியை அடக்கத்தான் தலைமைப் பொறியாளர் நேரலையில் வந்து ஏரித் தண்ணீரைக் குடித்துக் காட்டுவதாக அறிவித்தார். அவர் குடித்த பாட்டிலில் இருந்தது ஆசிட். பாட்டில் மேல் இருந்தது சோதனைச்சாலைப் பெண்ணின் கையெழுத்து. அன்று சாயங்காலமே அவளைப் பிடித்து உள்ளே போட்டார்கள். ஏரி மேல் இருந்த கோபம் முழுக்க அவள் பக்கம் திரும்பிவிட்டது. ஏரி வேலை போலீஸ் காவலில் நடந்துகொண்டிருந்தது. இன்றோடு ஒன்பது நாள்.

எதிரே அவளுடைய அண்ணன், தையற்காரர், கழுத்தில் இஞ்ச் டேப்போடு உட்கார்ந்திருந்தார். கடையை உடைத்துவிட்டார்கள். டேப் மட்டும்தான் மிச்சம் போலிருக்கிறது.

“மூணு மணிக்குக் கோர்ட்டுல நிறுத்தறாங்க மேடம். கொலை முயற்சின்னு எழுதப் போறாங்களாம். எழுதிட்டா அவ வெளிய வரவே மாட்டா. அவளுக்கு எறும்பை நசுக்கக்கூட மனசு வராது.”

“எறும்பை விடுங்க. அவளுக்கு வேலையில என்ன கெட்ட பழக்கம்?”

அவர் யோசித்தார். “யாரையும் நம்ப மாட்டா. லேபிளைக் கூட அவளே எழுதி, அவளே ஒட்டி, அவளே கையெழுத்துப் போடுவா.”

“அதனாலதான் மாட்டிக்கிட்டா,” என்றார் மேடம், செருப்பை மாட்டிக்கொண்டே.

அப்போது மணி பத்து.

*

சோதனைச்சாலை என்றால் ஒரு ஹால், இரண்டு மேசை, ஒரு ஃப்ரிட்ஜ். போலீஸ் காகிதத்தையும் சாம்பிள் பாட்டில்களையும் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். ஜன்னலோரத்துப் பிளாஸ்டிக் தட்டை மட்டும் யாரும் தொடவில்லை. அதில் கண்ணாடி பாட்டில்கள் தலைகீழாக வரிசையாக நின்றுகொண்டிருந்தன. எல்லாவற்றிலும் பளிங்கு மாதிரி தண்ணீர்.

“தொடாதீங்க!” என்று ஒரு குரல் வந்தது. பாட்டில் கழுவும் அக்கா. கையில் முழங்கை வரை ரப்பர் உறை. “அது ஆசிட்.”

நான் கையை இழுத்துக்கொண்டேன். “பார்த்தா குடிக்கலாம் போல இருக்கே அக்கா?”

“ஆளைப் பார்த்தா புத்திசாலி மாதிரி கூடத்தான் இருக்கு.”

மேடத்துக்கு அக்காவை உடனே பிடித்துப்போயிற்று. அது முகத்திலேயே தெரிந்தது. “ஏன் கவுத்து வெச்சிருக்கீங்க?”

“சாதாரண சோப்புக்கு இந்தப் பாட்டில் சுத்தமாகாதும்மா. ஆசிட்டை நிரப்பி, இறுக்க மூடி, ஒரு நாள் முழுக்க ஊற வைக்கணும். அழுக்கு வாய்ப் பக்கம்தான் தங்கும், அதனால கவுத்துடுவேன். அப்புறம்தான் கழுவி, லேபிள் ஒட்டுவாங்க. லேபிள் இல்லாம கவுந்து நின்னா ஊறுதுன்னு அர்த்தம். இங்க வேலை செய்யற எல்லாருக்கும் அது தெரியும்.”

“அன்னிக்கு எத்தனை கவுத்தீங்க?”

“பன்னெண்டு. மறுநாள் எண்ணினா பதினொண்ணு. போலீஸ்கிட்ட சொன்னேன். ‘பாட்டில் கழுவறவங்ககிட்ட நாங்க வாக்குமூலம் வாங்கறதில்ல’ன்னாங்க.”

மேடம் என்னைப் பார்த்தார். நான் வீடியோவைப் போட்டு அக்காவிடம் நீட்டினேன். ஒன்பது நாளில் இருபது லட்சம் பேர் பார்த்துவிட்ட வீடியோவை அவள் அப்போதுதான் முதல் தடவை பார்க்கிறாள். அவளிடம் இருந்தது பட்டன் ஃபோன்.

பொறியாளர் பாட்டிலைச் சாய்க்கிற இடத்தில், “நிறுத்துங்க,” என்றாள். பாட்டிலின் அடிப்பாகம் கேமரா பக்கம் திரும்பியிருந்தது. அதில் சிவப்பாக ஏதோ கிறுக்கல். இருபது லட்சம் பேர் அவர் முகத்தைப் பார்த்தோம். பாட்டிலின் அடியைப் பார்க்கவில்லை.

“அது என் நெயில் பாலிஷ். எல்லாப் பாட்டிலுக்கும் அடியில நம்பர் போடுவேன். இது முப்பத்தொண்ணு. ஊற வெச்ச பாட்டில். ஏரித் தண்ணி பிடிச்சது ஏழாம் நம்பர்ல.” முகத்தைச் சுளித்தாள். “அது போக, இது ஏரித் தண்ணியே இல்லையே. நம்ம தண்ணி லேசா டீ நிறத்துல இருக்கும். கரை மரத்து இலை ஊறி வர்ற நிறம். வேற ஒரு கெடுதலும் கிடையாது.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஒரு வருஷமா குடிக்கிறோமே. வடிகட்டி வர்ற குழாயில பிடிச்சுத்தான் கரையில வேலை செய்யற நாங்க எல்லாரும் குடிக்கிறோம். அதை யாரும் வீடியோ எடுக்க வரல.”

வெளியே வந்ததும் மேடம் நின்றார்.

“விஷம் வைக்கறவனுக்குத் தண்ணி என்ன நிறத்துல இருந்தா என்ன? டீத் தண்ணியிலயே நாலு சொட்டு விட்டுட்டுப் போயிருப்பான். பாட்டிலையே மாத்தி, லேபிளை உரிச்சு ஒட்டி, இவ்வளவு பாடு எதுக்கு?”

“பார்க்க அழகா இருக்கணும்னு.”

“அதேதான். மாத்தினவனுக்கு இது ஆசிட்னு தெரியாது. நல்ல தண்ணின்னு நெனச்சு எடுத்திருக்கான். இது கொலை முயற்சியே இல்ல. வெறும் திருட்டுத்தனம்.”

“அப்ப லேப் பெண்ணும் இல்ல, அக்காவும் இல்ல. ரெண்டு பேருக்கும் தட்டுல என்ன இருக்குன்னு தெரியும்.” எனக்கு ஆள் பளிச்சென்று தெரிந்துவிட்டான். “கேமராவுக்கு எது அழகா இருக்கும்னு கவலைப்படற ஜென்மம் அந்த ஆபீஸ்ல ஒண்ணே ஒண்ணுதான் மேடம்.”

*

விளம்பர அதிகாரி தன் மேசையில் வட்ட விளக்கைப் பொருத்திக்கொண்டு, ‘அதிர்ச்சியிலிருந்து மீள்வது எப்படி’ என்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். மேலதிகாரிக்குத் தொண்டை போனதில் இவருக்குப் பின்தொடர்கிறவர்கள் மூன்று மடங்காகியிருந்தார்கள்.

“பாட்டிலை மாத்தினது நீங்கதானே?” என்றேன். நான் இப்படித்தான். கதவைத் தட்டுகிற பழக்கம் கிடையாது.

“நானா? சார், நான் மாத்தலாம்னு சொன்னேன், அவ்வளவுதான். ஏரித் தண்ணி கேமராவுல மட்டமா தெரிஞ்சுது. கடையில பாட்டில் தண்ணி வாங்கிட்டு வந்தேன். பெரிய சார் அதை என் மூஞ்சியிலயே விட்டெறிஞ்சார். ‘ஜனங்களை ஏமாத்தச் சொல்றியா? ஏரித் தண்ணியத்தான் குடிப்பேன்’னு கத்தினார். ஆபீஸே கேட்டுச்சு. ரெண்டு பேர் கை தட்டினாங்க.”

அந்த இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கேட்டோம். கை தட்டினது உண்மைதான். எனக்கு முகம் தொங்கிப்போயிற்று.

மேடத்துக்குத் தொங்கவில்லை. “கத்தினதுக்கு அப்புறம்?”

“லேப்ல இருந்து பாட்டில் வந்ததும் அவரே கையில வாங்கிக்கிட்டார். பேச்சைப் பழகிப் பார்க்கணும்னு தன் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டார். நடுவுல ஒரு தடவை லேப் பக்கம் போயிட்டு வந்தார். அங்க எல்லாரும் சாப்பிடப் போயிருந்தாங்க. ஒரு பத்து நிமிஷம். அப்புறம் நேரா லைவ்.”

பொறியாளரின் அறையை அன்றைக்குப் பூட்டியதோடு சரி. போலீஸ் கூட எட்டிப் பார்க்கவில்லை. அடிபட்டவன் அறையை யார் சோதனை போடுவார்கள்? விளம்பர அதிகாரி சாவி கொண்டுவந்தார். கண்ணாடி அலமாரி நிறையக் கேடயங்கள். சிறந்த நிர்வாகி, நீர்நிலைகளின் நண்பன், மக்கள் நாயகன். மேடம் ஒவ்வொன்றாக நகர்த்தினார். மக்கள் நாயகனுக்குப் பின்னால் ஒரு பாட்டில் ஒளிந்துகொண்டிருந்தது. லேபிள் உரித்த இடத்தில் பசைத் தடம். உள்ளே லேசான டீ நிறத்தில் தண்ணீர்.

மேடம் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கி அடியைக் காட்டினார். சிவப்பு நெயில் பாலிஷில், ஏழு.

விளம்பர அதிகாரி தன்னை மறந்து ஃபோனை எடுத்தார். நான் அதைப் பிடுங்கி அவர் சட்டைப் பையிலேயே போட்டேன்.

*

ஆஸ்பத்திரியில் ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். மணி ஒன்று.

பொறியாளர் கழுத்தில் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இனிமேல் அவருக்குப் பேச்சு வராதாம். மடியில் ஒரு சிலேட்டு. பக்கத்தில் மனைவி அவர் வாயோரத்தைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பாவம் மேடம் பாட்டிலைக் கட்டில் மேல் வைக்கிற வரைக்கும்தான் இருந்தது.

“ஏழாம் நம்பர். உங்க அலமாரியில இருந்துச்சு.”

அவர் எழுதினார்: ‘எனக்குத் தெரியாது.’

“சரி, வேற ஒண்ணு கேட்கறேன்.” மேடம் என் கமெண்ட் லிஸ்டைப் பிரித்தார். ஆனால் அவரைக் கேட்கவில்லை. அவர் மனைவியைக் கேட்டார். “அன்னிக்குக் காலையில உங்க ஆன்லைன் பக்கத்துல ஒரு எச்சரிக்கை போட்டிருந்தீங்க. ‘ஏரித் தண்ணியில கையைக் கூட நனைக்காதீங்க, என் பிள்ளைகளை நினைச்சா தூக்கம் வரல’ன்னு.”

“எல்லாரும் போட்டாங்க. நானும் போட்டேன்.”

“தப்பில்ல. ஆனா இங்க பாருங்க. உங்க வீட்டுக்காரர் டம்ளரைத் தூக்கறார். முன்னப் பின்னத் தெரியாதவங்க எல்லாம் ‘வேண்டாம் சார், குடிக்காதீங்க சார்’னு கதறறாங்க. அதே நிமிஷத்துல நீங்க போட்டது ஒரு இதயம், ரெண்டு சிரிப்புப் பொம்மை.” மேடம் காகிதத்தை அந்தம்மாள் மடியில் வைத்தார். “விஷம்னு நீங்க நம்பற தண்ணியக் கட்டின புருஷன் குடிக்கப் போறார். உங்களுக்கு எப்படிம்மா சிரிப்பு வந்துச்சு?”

அந்தம்மாள் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது.

பொறியாளர் சிலேட்டைத் தட்டினார். வேகமாக எழுதினார், துடைத்தார், மறுபடி எழுதினார். மேடம் சத்தமாகப் படித்தார்.

“‘தினமும் ஆயிரம் பேர் விஷம் என்றார்கள். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவன் நான். எனக்கே பயம் வந்துவிட்டது.’”

“மூணு வருஷமா சுத்தம் பண்ணின தண்ணிய உங்களைத் தவிர கரையில எல்லாரும் குடிக்கிறாங்க சார்,” என்றேன். “இதைக் குடிச்சிருந்தா இந்நேரம் வீட்டுல உட்கார்ந்து கத்திக்கிட்டு இருந்திருப்பீங்க.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. எழுதினார். “‘இரண்டு மாதத்தில் வேலை முடியும். அவள் குற்றவாளி என்றால் அவளை வெறுப்பார்கள். நானே குடிக்கவில்லை என்று தெரிந்தால் ஏரியை வெறுப்பார்கள். யோசியுங்கள்.’”

மேடம் யோசித்தார். அதை நான் பார்த்தேன். அந்த ஆள் அயோக்கியன்தான், ஆனால் அவர் கணக்கில் பிழை இல்லை. அதனால்தான் எனக்கு அவரை அறைய வேண்டும் போல வெறி வந்தது.

“அந்தப் பொண்ணு எத்தனை வருஷம் உள்ள இருக்கணும்?”

அவர் தோளைக் குலுக்கினார்.

அந்தத் தோளைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி எழுந்தார். கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தார். “நீங்க பொழைக்கணும்னு இதை ஒன்பது நாளா ஒளிச்சு வெச்சேன். அவளும் யாரோ பெத்த பொண்ணுதானேங்க,” என்று அவரிடமே சொன்னார். பொறியாளர் குழாயோடு எக்கிப் பிடுங்கப் பார்த்தார். கை எட்டவில்லை. லைவுக்கு முன்னால் அவர் அனுப்பியிருந்த குரல் செய்தி. அவருடைய கம்பீரமான குரல், இனி யாரும் கேட்க முடியாத அந்தக் குரல், அறையெங்கும் கேட்டது:

“இங்க பாரு, சும்மா அழாதே. அந்தத் தண்ணிய நான் குடிப்பேனா? எனக்கென்ன பைத்தியமா? லேப் ஜன்னல்கிட்ட சுத்தமான தண்ணிய பாட்டில் பாட்டிலா அடுக்கி வெச்சிருக்காங்க. ஒண்ணை எடுத்து லேபிளை மாத்தி ஒட்டிட்டேன். நீ லைவ்ல வந்து நல்லதா ஏதாவது போடு.”

பொறியாளர் கண்ணை மூடிக்கொண்டார். குழாய் வழியாக மூச்சு மட்டும் கரகரவென்று வந்தது. மேடம் எழுதிக் கொடுத்த இரண்டு வரி வாக்குமூலத்தில் அந்தம்மாள் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வராந்தாவில் மேடம் என் ஃபோனுக்கு அந்தக் குரலை வாங்கிக்கொண்டார். “வக்கீலுக்கு அனுப்பு. முழுசா அனுப்பு. வேற ஒரு ஜீவனுக்கும் போகக் கூடாது. நீதிபதி தன் அறையில கேட்டாப் போதும். அந்த ஆள் சொன்னதுல பாதி நிஜம், ஞாபகம் இருக்கட்டும்.”

*

வக்கீலுக்கு அனுப்பினேன். அவர் பார்த்ததாக அடையாளம் வரவில்லை. மணி ஒன்றே முக்கால். கோர்ட்டுக்குப் போகிற வழியில் காரின் பின்சீட்டில் தையற்காரர் இஞ்ச் டேப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். அவர் ஃபோனில் தங்கையை யாரோ புதிதாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவளைத் தூக்கில் போடுவதற்குத் தேதி கேட்டு ஒருவன் வாக்கெடுப்பே நடத்திக்கொண்டிருந்தான். எண்பத்திரண்டு சதவீதம் உடனே என்றிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. அதோடு, ஒளிப்பானேன், கை அரித்தது. இப்படி ஒரு குரல் கையில் கிடைத்து நான் வெட்டாமல் இருந்ததாகச் சரித்திரமே இல்லை. மேடம் முன்சீட்டில் கண்ணை மூடியிருந்தார். ஐந்து விநாடி. ‘அந்தத் தண்ணிய நான் குடிப்பேனா? எனக்கென்ன பைத்தியமா?’ மேலே அவர் டம்ளரைத் தூக்கிச் சிரிக்கிற படம். கீழே, ‘அந்தப் பெண் நிரபராதி’ என்று ஒரு வரி. போட்டேன்.

கோர்ட்டு வாசலில் இறங்கும்போது மூன்று லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

வக்கீல் ஓடி வந்தார். ஃபோனை அணைத்து வைத்திருந்தாராம், இரண்டு மணிக்குத்தான் பார்த்தாராம். நீதிபதி தன் அறையில் முழுக் குரலையும் கேட்டார், ஏழாம் நம்பரைப் பார்த்தார், பாட்டில் கழுவும் அக்காவைத் தொலைபேசியில் பத்து நிமிடம் விசாரித்தார். மூன்றரைக்கு விடுதலை. என் ஐந்து விநாடியை அவர் பார்க்கவே இல்லை. அதற்குத் தேவையே இருக்கவில்லை.

லேப் பெண் வெளியே வந்தாள். ஒல்லியான உருவம், ஒன்பது நாள் அழுக்குச் சுடிதார். அண்ணன் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். அவள் அழவில்லை. எங்களைப் பார்த்துக் கேட்ட முதல் வார்த்தை, “பம்ப் ஓடுதா?”

மேடம் பதில் சொல்வதற்குள் அவர் ஃபோன் அடித்தது. அக்கா. ஒலிபெருக்கியில் போடாமலே எல்லோருக்கும் கேட்டது.

“அம்மா, கூட்டமா வந்துட்டாங்கம்மா. அவரே குடிக்க மாட்டாராம், நாங்க மட்டும் ஏமாளியான்னு கத்தறாங்க. பம்ப் ஒண்ணு விடாம உடைச்சுட்டாங்க. போலீஸ் ஓடிப்போச்சு. மதகைத் திறந்து விட்டுட்டாங்கம்மா. சாக்கடை முழுக்க உள்ள வருது. என் கண்ணு முன்னாலயே கறுப்பாகுது.”

மேடம் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். தையற்காரர் தன் ஃபோனில் அந்த ஐந்து விநாடியைத் தங்கைக்குக் காட்டினார்.

“யார் போட்டது?” என்று லேப் பெண் கேட்டாள்.

“நான்தான். உங்களுக்காகத்தான்...”

“எனக்காகவா?” அவள் குரல் உயரவே இல்லை. “ரெண்டு மாசம் நான் உள்ளயே இருந்திருப்பேனே. ஏரி முடிஞ்சிருக்குமே.”

அவசரமாக ஃபோனைத் திறந்து அதை அழித்தேன். “எடுத்துட்டேங்க. பாருங்க, இப்ப இல்ல,” என்று அவளிடம் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை. அண்ணனின் ஃபோனை வாங்கி என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அதே ஐந்து விநாடி. வேறு யாரோ பாட்டுச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். பதினாலு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.